மூன்றாம் படிக்குக் கீழே

லேவார்டனில், வீபேயின் மாடி அறையில்
ஒரு ரயில் இருக்கிறது,
பிளாஸ்டிக் கட்டைகளால் ஆனது.
ரிமோட்டில் ஏழு படி.
ஒன்றில் முனகும்.
இரண்டில் கொஞ்சம் உரக்க முனகும்.
மூன்றில்
யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் பாயும்.
கடைசிப் பெட்டியில் உட்காரவைத்த
மஞ்சள் முகத்து ஆட்கள் இருவர்
ஒவ்வொரு முறையும் மல்லாந்து விழுவார்கள்,
சிரித்தபடியே.

நான் நிஜ ரயில் ஓட்டுகிறவள்.
ஸ்டாவரன் வரைக்கும், திரும்பவும்,
பதினொரு வருஷமாக.
இது புறப்பாடு இல்லை, விபத்து என்றேன்.

"சரி யெல்ட்யே, நீ எப்படிக் கிளப்புவாய்?"

மெதுவாக.

"மெதுவாக என்றால் எவ்வளவு?"
நீர் வாரியத்தில் மதகுகளின் மட்டம் பார்க்கிறவன்,
எண் இல்லாத பதிலை
பதில் என்றே சேர்த்துக்கொள்ள மாட்டான்.

மேஜைமேல் அவன் தேநீர்க் குவளை, விளிம்பு தளும்ப.
உள்ளங்கையால் நகர்த்திக் காட்டினேன்:
முதலில் தள்ளுவதே இல்லை, சாய்வது மட்டும்.
குவளைக்குத் தெரியாமல்
அதன் எடையை வாங்கிக்கொள்வது.
போகிறோம் என்று அது உணர்வதற்குள்
போய்க்கொண்டிருப்பது.
நிறுத்தும்போது, பிடிப்பதில் ஒன்றுமில்லை,
விடுவதில்தான் சூட்சுமம்.
நிற்பதற்கு ஒரு மூச்சு முன்னால்
பிரேக்கைத் தளர்த்தாவிட்டால்
பெட்டி முழுக்கத் தலையாட்டும்.

வீபே அதைப் படம்பிடித்தான். ஒன்பது தடவை.
குவளை எந்த நொடியில் எங்கே என்று
புள்ளி வைத்தான்.
புள்ளிகள் சேர்ந்து ஒரு வளைகோடு,
சோம்பல் முறிக்கும் பூனையின் முதுகு மாதிரி.
என் பதினொரு வருஷம்
ஒரு சாண் நீளம்.

குளிர்காலம் முழுக்க வேலை.
மோட்டாருக்கு மின்சாரத்தைத்
துண்டு துண்டாக ஊட்டினான், துடிப்புகளாக.
வேகமான துடிப்புக்கு அது
சத்தமில்லாமல் பிடிவாதம் பிடித்தது.
நிதானமான துடிப்புக்கு
முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தது.
முணுமுணுக்கட்டும் என்று விட்டோம்.
உறைந்து நிற்கும் சக்கரத்துக்கு
முதலில் ஒரு சுண்டு, உடனே தணிவு.
அச்சில் காந்தம் ஒட்டிச்
சுற்றுகளை எண்ணச் செய்தான்:
ஏற்றத்தில் சுணங்கினால் கூட்டிக்கொடு,
இறக்கத்தில் துள்ளினால் குறை.

ஒருநாள் காந்தம் கழன்று விழுந்தது.
தான் நின்றுவிட்டதாக நம்பி
ரயில் முழு மூச்சில் ஓடி
ஜன்னல் திரைக்குள் புகுந்தது.
பாவம், அதற்குத் தெரிந்ததெல்லாம் எண்ணிக்கை.

மார்ச் மாதம்,
பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் கண்காட்சி.
தட்டை வண்டியில்
முட்டை வைக்கும் கிண்ணம், நிறையத் தேநீர்.
முப்பது சுற்று.
கீழே விரித்த வெள்ளைத் தாள்
வெள்ளையாகவே இருந்தது.
பெரியவர்கள் தலையசைத்தார்கள்.
ட்யிப்பே என்ற பொடியன் மட்டும்
தாடையைத் தடுப்புக் கயிற்றில் தொங்கவிட்டு
"இது எப்போ வேகமாப் போகும்?" என்றான்.

கையே வைக்காத இன்னொரு இன்ஜின்
பெட்டியில் இருந்தது.
வீபே சர்க்கரை ரொட்டி வாங்கப் போன நேரம்
பழைய ரிமோட்டைப் பையனிடம் கொடுத்தேன்.
ஏழு.
மஞ்சள் முகத்தார் ஒருவரை
இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

ஆறு மணிக்குக் கூட்டம் கலைந்தது.
பேட்டரி தளர்ந்துவிட்டது.
வளைகோடு விடவில்லை,
குறையக் குறையக் கூட்டிக்கொடுத்தது,
கொடுக்க ஒன்றும் மிச்சமில்லாதவரை.
நடைமேடைக்கு ஐந்து குமிழ் முன்னால்
ரயில் நின்றது.
கிண்ணத்தில் ஒரு வளையம்கூட எழவில்லை.

வீபே என்னைப் பார்த்தான்.
கடைசிப் பெட்டியில் விரலை வைத்து
சாய்ந்தேன்.
தள்ளவில்லை.